வரேன் என்று சொன்னவள்

கண்ணாடிக்குள் போன கண்ணு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாள் என்று போன வாரம் பெருமூச்சு விட்டவர்கள், தயவுசெய்து அந்த மூச்சைக் கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து போகும்போது வரவில்லை, திரும்பும்போதுதான் வந்தது. அதுவும் வெளியிலிருந்து வரவில்லை, அவள் வாயிலிருந்தே வந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. கடைத்தெருவில் தையல் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கிற மூக்குக்கண்ணாடிக் கடை இவர்களுடையது. முன்னால் அம்மா உட்கார்ந்திருப்பார். ஃபிரேம் எடுத்துக் காட்டுவது அம்மாவின் தம்பி. அவரைத் தெருவே வக்கீல் மாமா என்றுதான் கூப்பிடும். சட்டம் ஒன்றும் படித்தவரில்லை, ஆனால் பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பின்னால் லென்ஸ் தேய்க்கிற அறை. அதை ஒட்டி, கண்ணு கண் சோதிக்கிற அறை.

அந்த அறை சின்னது. எழுத்துப் பலகையைத் தூரத்தில் மாட்ட இடமில்லாதவர்கள் செய்வதைத்தான் இவர்களும் செய்திருந்தார்கள். பலகையில் எழுத்துகளைத் திருப்பி எழுதி நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் தெரிவதைப் படிக்கச் சொல்வார்கள். தூரம் இரண்டு மடங்காகிவிடும். அந்தக் கண்ணாடி தூரத்தை மட்டும் இரண்டாக்கவில்லை, உலகத்தையே இரண்டாக்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தது, ஒரு நாள் மத்தியானம் அதற்குள்ளிருந்து ஒரு நெட்டை இளைஞன் இறங்கி வந்தபோதுதான். வந்தவன், "இங்க வெளிச்சம் கண்ணைக் குத்துது, ஏதாவது கண்ணாடி கிடைக்குமா?" என்று கேட்டான். கண்ணுவும் கடைக்காரப் பெண்ணாயிற்றே, முதலில் பவர் பார்த்து அனுப்பினாள். பயந்ததெல்லாம் அப்புறம்தான்.

அந்தப் பக்கத்துக்கு மாமா வைத்த பெயர் அக்கரை. "அக்கரைக்காரனுக்கு நம்ம வீட்டுப் பொண்ணு மேல அக்கறை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்று அவர்தான் முதலில் சொன்னார். அம்மா அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். ஆனால் நெட்டையை லென்ஸ் தேய்க்கிற மிஷினில் உட்கார வைத்ததும் அம்மாதான். போன வாரம் கண்ணு அவனோடு விருந்தாளியாக அக்கரைக்குப் போய், அங்கே வாசலைக் காக்கிற வாசல்காரியிடம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இன்று காலையில் கதை அந்த மிஷினிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றவர். கண்ணுவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது அவருக்கே எழுத்து மங்கிவிட்டது.

"இதுல தெரியுதாம்மா?"

"இல்லை."

"இப்போ? இது நல்லா இருக்கா, முன்னாடி போட்டது நல்லா இருந்துச்சா? பாருங்கம்மா, அவசரமே இல்லை. தெரியுதா?"

"இது தேவலை."

"சரிம்மா. சாயங்காலம் வாங்க, போட்டுத் தரேன்."

டீச்சரம்மாவை அனுப்பிவிட்டு, நேற்று முடித்த வேறொரு ஜோடியைத் துடைப்பதற்காகக் கண்ணு பின்னறைக்குப் போனாள். நெட்டைக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் லென்ஸை ஓரத்தில் பிடிக்க வராது. நடுவில்தான் பிடிப்பான். பெருவிரல் அப்படியே பதிந்திருக்கும். 'மாவுல கை வச்ச மாதிரி' என்று அம்மா தினமும் திட்டுவார். கண்ணு தினமும் துடைப்பாள். துடைப்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

அடுத்ததை எடுத்தாள். அதிலும் இல்லை. அதற்கடுத்ததும் பளிச்சென்று இருந்தது.

"கையைக் காட்டு" என்றாள்.

நெட்டை மிஷினை நிறுத்தினான். "எதுக்கு?"

"காட்டுன்னா காட்டேன்."

காட்டினான். உள்ளங்கையில் கோடு இல்லை. விரல் நுனியில் ரேகை இல்லை. பிடித்துப் பார்த்தால் கை இருக்கிறது, ஆனால் கையின் கனம் இல்லை. துவைத்துக் காயப்போட்ட சட்டையின் கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

அக்கரைக்காரர்களுக்குப் பொய் சொல்ல வராது. மறைக்க நன்றாக வரும். கேட்காதவரைக்கும் வாயே திறக்க மாட்டார்கள், கேட்டுவிட்டால் தப்பிக்கவும் தெரியாது.

"நீ அங்கேர்ந்து திரும்பினதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. ரேகை நேத்துதான் போச்சு" என்றான்.

"ஏன்?"

"கிளம்பும்போது வாசல்ல நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்? எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். அந்த வாசல்காரியைப் பார்த்துச் சிரிச்சேன். கிளம்பினேன்."

"கிளம்பும்போது?"

"கிளம்பும்போது எல்லாரும் என்ன சொல்வாங்களோ அதைத்தான் சொன்னேன். வரேன்னு சொன்னேன்."

"அதான்" என்றான் நெட்டை.

கண்ணுவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

"அங்க சொன்ன சொல்லுக்கு மேலயும் ஒண்ணும் கிடையாது, கீழயும் ஒண்ணும் கிடையாது. வரேன்னா வரேன்தான்" என்றான் அவன். "வாசல்காரி கேட்டா, இவ திரும்பி வருவான்னு யாரு பொறுப்புன்னு. நான்னு சொன்னேன்."

"உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"சொல்லலைன்னா உன்னை விட்டிருக்க மாட்டாங்க."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முந்திக்கொண்டது. "ஒரு வாரமா என் பக்கத்துல உக்காந்து லென்ஸ் தேய்க்கறே. ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா நீ கிளம்பிப் போயிருப்பே. போனா திரும்ப முடியாது. விருந்தாளியா வந்தவ திரும்பலாம். சொல் கொடுத்து வர்றவ அந்த வீட்டுக்காரி ஆயிடுவா. அப்புறம் உங்கம்மாவை யாரு பார்த்துப்பாங்க?"

"போகலைன்னா?"

"அங்க ஒரு பகல், இங்க ஒரு வாரம். அங்க இப்போ பொழுது சாயப் போகுது. இங்க தெருவிளக்கு எரியும்போது நான் கரைஞ்சு முடிஞ்சிடுவேன். செத்துட மாட்டேன். அந்தக் கண்ணாடியில தெரிவேன். ஆனா தெரியறதோட சரி. தொட முடியாது. நீ பேசினா எனக்குக் கேக்காது." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "தினமும் உன்னைப் பார்க்கலாம். அது மோசமில்லை."

"மோசமில்லையா? எனக்கு மோசம்" என்றாள் கண்ணு. அவ்வளவு நாள் மனசுக்குள் வைத்திருந்ததை இப்படித்தான் அவள் முதன்முதலாக அவனிடம் சொன்னாள்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, கண் சோதிக்கிற அறையைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"அம்மா, என்ன பண்றே?"

"பார்த்தா தெரியலை? பூட்டறேன்."

"அவன் கரைஞ்சுட்டிருக்கான்மா."

"கரையட்டும்." சொல்லிவிட்டு அம்மா நெட்டையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். "நல்ல பிள்ளைதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு இருக்கிறது ஒரு பொண்ணு."

"நான் சொன்ன வார்த்தைக்கு அவன் ஏன்மா அழியணும்?"

"நீ சொன்ன வார்த்தை இல்லை. நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா கையிலிருந்த ஃபிரேமை மெதுவாகத் தட்டில் வைத்தார். அந்தக் குடும்பத்தில் அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கண்ணு ரொம்பச் சின்னக் குழந்தையாக இருந்தபோது, அவளுடைய அப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எத்தனையோ முறை அப்படி இறங்கியவர்தான். அன்றைக்கு மட்டும் "நான் போறேன்" என்றார். அம்மா அடுப்பு வேலையாக இருந்தவர், கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. அன்றோடு 'போறேன்' என்கிற வார்த்தை அந்த வீட்டை விட்டுப் போனது. குழந்தை பள்ளிக்கூடம் கிளம்பினாலும் சரி, எதிர்க் கடைக்குப் போனாலும் சரி, வாசலில் நிறுத்தி வைத்து, "என்ன சொல்லணும்?" என்று அம்மா கேட்பார். "வரேன்மா" என்று குழந்தை சொன்ன பிறகுதான் செருப்பைப் போடவே விடுவார். அப்படி ஊட்டி வளர்த்த வார்த்தை. எந்த வாசலைக் கண்டாலும் அவள் வாயில் தானாக வந்துவிடும். அக்கரை வாசலிலும் வந்துவிட்டது.

"எம்பொண்ணு என்னை விட்டுப் போயிடக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தேன்" என்றார் அம்மா. "அதுவே அவளைக் கொண்டு போகப் பார்க்குது."

"அக்கா, கொஞ்சம் பொறு" என்றார் மாமா. வாதாட விஷயம் கிடைத்துவிட்ட தெம்பு அவர் குரலில் தெரிந்தது. "இது ஒரு கேஸே இல்லை. வரேன்னா நம்ம பேச்சுல என்ன அர்த்தம்? கிளம்பறேன்னு அர்த்தம். அதாவது போறேன்னு அர்த்தம். அதை அந்தப் பொம்பளைக்குப் புரியவச்சா முடிஞ்சுது. நான் பேசறேன்."

"நீ பேசி எது முடிஞ்சிருக்கு?" என்றார் அம்மா. ஆனால் சாவி வெளியே வரவில்லை.

அன்றைய பகல் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கண்ணு பூட்டின அறையைக் காட்டி, "உள்ள ரிப்பேர் வேலை நடக்குது, நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பினாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சரம்மாவின் லென்ஸை ஃபிரேமில் மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி விரலில் குத்தியது. "அம்மா" என்று முனகிக்கொண்டு விரலை வாயில் வைத்தாள். முன்பக்கத்திலிருந்து அம்மா, "என்னடி ஆச்சு?" என்று எழுந்து ஓடி வந்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், சண்டை நினைவு வந்து, பேசாமல் திரும்பிப் போனார்.

வெயில் எதிர் வரிசைக் கடைகளின் மாடிக்கு ஏறிவிட்டிருந்தது. நெட்டை ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கக் குனிந்தான். விரல்கள் அதைப் பிடித்தன. ஸ்க்ரூ விரல்கள் வழியாகவே கீழே விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அவன் எடுக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, காலால் அதை மேசைக்கடியில் தள்ளப் பார்த்தான். கால் ஸ்க்ரூவைத் தொட்டுக்கொண்டே போனது. ஸ்க்ரூ நகரவில்லை.

அம்மா பார்த்துவிட்டார்.

வந்து அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மதியம் சாப்பிட்டியாடா நீ?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையசைத்ததும் அம்மாவுக்குத் தாங்கவில்லை. இன்னொரு கையால் சாவியை எடுத்துக் கண்ணுவிடம் நீட்டினார்.

"பேசிட்டு வா. பேசறதோட சரி. அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு கால் வச்சேன்னா, இங்க இன்னொருத்தி உயிரோட இருக்க மாட்டா. புரியுதா?"

"புரியுதும்மா."

"தம்பி, நீயும் போ. இவ கையை விடாதே. நான் இவனைப் பிடிச்சிட்டிருக்கேன்."

உள்ளே விளக்கைப் போட்டதும் முதலில் தெரிந்தது வெறும் நாற்காலி. பிறகு கண்ணாடியைப் பார்த்தார்கள். கண்ணாடியில் தெரிந்த நாற்காலி வெறுமையாக இல்லை. வாசல்காரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுத்தர வயசு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின தலை, எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய முகம். அவளுக்குப் பின்னால் எழுத்துகள் நேராக நின்றன.

"வந்துட்டியா?" என்றாள்.

"வரலை. பேச வந்தேன்" என்றாள் கண்ணு. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மொழியில் 'வா'வை விட்டால் ஒரு அடி நகர முடியாது போலிருக்கிறதே.

மாமா தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க. எங்க பேச்சுல வரேன்னா போறேன்னு அர்த்தம்."

"அப்படியா? அப்போ போறேன்னு ஏன் சொல்லலை?"

"அப்படிச் சொல்றது வழக்கமில்லை."

"ஏன்?"

"போறேன்னு சொன்னா திரும்பி வர மாட்டேன்னு ஆயிடும்."

"சரி. அப்போ வரேன்னு சொன்னா?"

"திரும்பி வருவேன்னு..." மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் வாசல்காரி.

வக்கீல் மாமா கண்ணுவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வெளியே நெட்டை இருமுவது கேட்டது. இருமல்கூடத் தூரத்துத் தெருவில் யாரோ இருமுவது மாதிரித்தான் இருந்தது. கண்ணு கண்ணை மூடித் திறந்தாள். தினம் பத்துப் பேரிடம், 'அவசரமில்லை, நிதானமா பாருங்க' என்று சொல்கிறவள் அல்லவா, அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"நான் வரேன்னு சொன்னேன். இல்லைன்னு சொல்லலை" என்றாள். "எப்போ வரேன்னு சொன்னேனா?"

வாசல்காரி முதல்முறையாகக் காலை இறக்கி நேராக உட்கார்ந்தாள். "சொல்லலை."

"அப்போ நான் இன்னும் சொல் தவறலை."

"தவறலை."

"தவறாத சொல்லுக்கு அவன் ஏன் கரையறான்?"

"நீ எப்போ வருவேன்னு தெரியாம வெறுங்கையோட காத்திருக்க எங்களால முடியாது. அவன் தன்னையே பிணையா வச்சான். பிணை ஒரு பகல்தான் தாங்கும்." வாசல்காரி கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா பிணையை மாத்திக்கலாம். அவனுக்குப் பதிலா உன்கிட்டேர்ந்து ஏதாவது வை."

"என்ன வைக்கணும்?"

"சொல்லுக்குச் சொல். நாள் முழுக்க உன் வாயில எந்தச் சொல் அதிகமா வருதோ, அதை எங்கிட்ட விட்டுட்டுப் போ. நீ வர்ற அன்னைக்கு வாசல்லயே திருப்பித் தரேன். அதுவரைக்கும் உன் வாயில அது வராது."

கண்ணு மாமாவைப் பார்த்தாள். மாமாவும் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உயிர் வந்தது.

"தெரியுதா" என்று மாமா கிசுகிசுத்தார். "அதைத்தானே காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுட்டே இருக்கே. தெரியுதா, இப்போ தெரியுதான்னு. போனா போகுது. புலப்படுதான்னு கேட்டுக்கோ. கடைக்கும் கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. தொழில் வார்த்தைதானே. அந்த வார்த்தை இல்லாமல் ஒரு நெட்டை கிடைத்தால் அவளுக்கு அதில் என்ன நஷ்டம்?

"சரி. எடுத்துக்க" என்றாள்.

"எந்தச் சொல்லுன்னு நீ கேக்கலையே?"

"எனக்குத் தெரியும்."

வாசல்காரி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அக்கரைக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று மேலேயே சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன், அதைக் கண்ணு அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். தொண்டைக்குள் ஒரு முடிச்சை யாரோ நாசூக்காக அவிழ்த்த மாதிரி இருந்தது. வலிக்கவில்லை. கண்ணாடியில் அவளும் மாமாவும் வெறும் நாற்காலியும் தெரிந்தார்கள். எழுத்துகள் எப்போதும்போல் இருந்தன.

வெளியே, "ஐயோ, எலும்பு நொறுங்குது, விடுங்க" என்று நெட்டையின் குரல் கேட்டது. கனமான குரல்.

அம்மா விடவில்லை. அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எல்லாம் திரும்பி வந்திருந்தது. அவன் மேசையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து, வேண்டுமென்றே நடுவில் பெருவிரலை அழுத்தி அம்மாவிடம் நீட்டினான். அம்மா அதை வாங்கிக்கொண்டு, "துடைக்கிறது உங்கப்பனா?" என்று திட்டினார். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது.

தெருவிளக்கு எரிந்தது. நெட்டை ஸ்டூலிலேயே இருந்தான்.

"எப்படிடா முடிச்சீங்க?" என்று அம்மா மாமாவிடம் கேட்டார்.

"நான்தான் முதல்ல பாயிண்டைப் பிடிச்சேன்" என்று மாமா ஆரம்பித்தார். வாசல்காரியிடம் மடக்கப்பட்டதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். "ஒரே ஒரு வார்த்தை, அக்கா. தெரியுதா. அதை வச்சுட்டு வந்துட்டோம். தவணைக்குக் கணக்கே இல்லை. ஆயுசு பூரா தள்ளிப் போட்டுக்கலாம்."

அம்மா மகளை அணைத்துக்கொண்டார். நெற்றியை, கன்னத்தை, தலையைத் தடவினார். "என் கண்ணு" என்றார். கண்ணு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பேசத் தோன்றவில்லை, பேசாமலே போதும் போல இருந்தது. அம்மாவின் தோளுக்கு மேலே நெட்டை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு சிரிப்பை அவள் அவனிடம் அதுவரை பார்த்ததில்லை. உலகத்தில் இனி ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் முன்னாடி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பத்தவைக்கிறேன். இந்தப் பையன் காலையிலேர்ந்து சாப்பிடலை" என்று அம்மா பையை எடுத்தார். வாசல்வரை போய், தயங்கித் திரும்பினார். "இப்போ என்னன்னு சொல்லிட்டுக் கிளம்பறதுன்னே தெரியலை போ" என்று சிரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.

அவர் இறங்கும்போதே டீச்சரம்மா எதிரே ஏறி வந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டார்கள். அம்மா தெருவில் நடக்க ஆரம்பித்தார்.

"வாங்க" என்றாள் கண்ணு. "உக்காருங்க. உங்களுது ரெடி."

புதுக்கண்ணாடியை டீச்சரம்மாவின் காதில் மாட்டி, மூக்கில் சரிசெய்து, பழக்க தோஷத்தில், "தெரியுதா?" என்று கேட்டாள்.

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவள் காதில் விழுந்தது.

மாமா கையிலிருந்த துணியை அப்படியே பிடித்தபடி நின்றார். கண்ணு மறுபடி சொல்லிப் பார்த்தாள். "தெரியுதா. தெரியுதா?" சுத்தமாக, முழுசாக, வழக்கம்போல் வந்தது.

"நல்லா தெரியுது" என்றார் டீச்சரம்மா. "கண்ணாடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. காலையில வாங்கம்மா பாருங்கம்மான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை வாய் நிறைய அம்மா போட்டே. இப்போ என்னடான்னா, வாங்க, உக்காருங்கன்னு வெளியாள் மாதிரி பேசறியே. உங்கம்மா ஏதாவது திட்டினாளா?"

நெட்டையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவனுக்கு அவளுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

குழந்தையாகப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொல்வதுதான். விரலில் குத்தினால் சொல்வது, தும்மினால் சொல்வது, பசித்தால், பயந்தால், தூக்கத்தில் புரண்டால் சொல்வது. கண்ணு வாயைத் திறந்தாள். முதல் எழுத்துக்குத் தொண்டை திறந்தது. அடுத்த எழுத்துக்கு உதடுகள் மூடின. மூடின உதடுகள் திறந்தபோது வெறும் காற்று வந்தது.

அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் அக்கரை வாசலுக்குப் போக வேண்டும். போனால், யாரை அப்படிக் கூப்பிட வேண்டுமோ அவரை மறுபடி பார்க்கவே முடியாது.

அவள் வாசலுக்கு ஓடினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் சாயங்காலக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. தையல் கடையைத் தாண்டி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவசரமாக, சந்தோஷமாக அம்மா போய்க்கொண்டிருந்தார். எட்டிப் பிடிக்கிற தூரமில்லை. கூப்பிடுகிற தூரம்தான். கண்ணு உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க..."

தெருவில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா திரும்பவில்லை.